மணி பிளான்ட்டை வீச வேண்டாம், போத்தலைத் தேய்ப்போம்



மழைக்காலம் நெருங்குகிறது. இன்னும் சில நாட்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் டெங்கு அறிவித்தல் வரத் தொடங்கும். அதற்கு முன் நம் வீடுகளுக்குள் இருக்கும் ஒரு செடியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்தோம்.

எங்கள் ஊரில் முற்றமுள்ள வீடுகள் குறைந்துவிட்டன. ஒரு வளவை மூன்று பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால், மதிலுக்கும் சுவருக்கும் இடையில் ஒருவர் நடக்கத்தான் இடம் மிஞ்சும். அதனால் செடிகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. அதில் முதலாவது மணி பிளான்ட். யன்னல் ஓரத்தில் ஒரு ஜாம் போத்தல், அதற்குள் பாதித் தண்ணீர், ஒரு கொடி. இது இல்லாத வீடு குறைவு.

எங்கள் வீட்டில் அது உம்மாவின் செடி. இடுப்பு எலும்பு உடைந்த பிறகு உம்மா வோக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்கும் ஹோலுக்கும் இடையில்தான் நடப்பார். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். காலையில் பாடசாலைக்குப் போனால் திரும்பி வர இரண்டு மணியாகும். அதுவரை உம்மாவுக்குத் தஸ்பீஹும் அந்தச் செடியும்தான் துணை. புது இலை சுருள் விரித்தால் அன்று எங்களுக்குக் கிடைக்கும் முதல் செய்தி அதுதான்.

சென்ற மாரியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் சுகமாகி வந்தது. பி.எச்.ஐ. வந்து வீடு வீடாகப் பார்த்தார். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பூச்சாடிக்குக் கீழுள்ள தட்டு, மணி பிளான்ட் போத்தல் என்று எல்லாவற்றிலும் டோர்ச் அடித்தார். எங்கள் வீட்டில் எதுவும் இருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அடுத்த நாள் ஒழுங்கை முனையில் ஒரு குவியல். எல்லாம் மணி பிளான்ட் கொடிகள்.

பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 400க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். அதோடு இந்த நுளம்பு பகலில் கடிப்பது. பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் யார்? உம்மாதான். அவருக்குத் துணையான செடியே அவருக்கு ஆபத்தாகிவிடுமோ என்று நாங்களும் யோசித்தோம். "வீசிருவோம் உம்மா" என்றோம்.

உம்மா சத்தம் போடவில்லை. "இதையும் எடுத்துட்டா நான் எதப் பார்த்துக்கிட்டு இருக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு வீசுவது பற்றி நாங்கள் பேசவில்லை. எப்படிப் பாதுகாப்பாக வைத்திருப்பது என்றுதான் பார்த்தோம். நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விசயம் ஒன்று இதில் இருக்கிறது. டெங்கு நுளம்பு தண்ணீரின் நடுவில் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவிடுகிறது. அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் பொரிக்கும். நம் காலநிலையில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் வரை போதும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினால் மட்டும் காணாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் ஓடும் தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் அதற்கு நாள் வெள்ளி. ஜும்ஆவுக்கு முன் பிள்ளைகள் போத்தல்களை எடுத்துவந்து போத்தல் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். கழுவிய தண்ணீரை மண் தரையில் ஊற்றுவார்கள், கானில் அல்ல. பிறகு போத்தல் வாயில் கொடியைச் சுற்றி ஒரு துண்டு வலைத்துணியைக் கட்டிவிடுவோம். சரியாகத் தேய்த்தார்களா என்று பார்ப்பது உம்மாவின் வேலை. எங்களை விடக் கண்டிப்பான பரீட்சை மேற்பார்வையாளர் அவர்.

பெரிய கொடிகளை மண்ணுக்கு மாற்றினோம். நம் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது. அதோடு தும்புத்தூளும் உக்கிய மாட்டெருவும் சேர்த்தோம். தும்புத்தூளில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் பாவியுங்கள். சாடியின் அடியில் கட்டாயம் துளை வேண்டும். கீழே வைக்கும் தட்டில் மணலை நிரப்பிவிட்டால் தண்ணீர் தேங்காது, நுளம்புக்கும் இடமில்லை.

மண்ணுக்கு மாற்றியதும் வீட்டில் ஆளுக்கு ஆள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள். பாசம்தான். ஆனால் வீட்டுச் செடிகள் அதிகம் சாவது தாகத்தால் அல்ல, தண்ணீர் கூடி வேர் அழுகித்தான். வேருக்கும் காற்று வேண்டும். உம்மா ஒரு சட்டம் போட்டார்: "விரல வெச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க." விரலின் இரண்டு கணு ஆழத்துக்கு மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரம் பட்டால் விட்டுவிட வேண்டும். இலை மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. இலை துவண்டு மண் காய்ந்திருந்தால் தாகம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலை ஓரம் கருகும், அப்போது யன்னலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி வைப்போம். ஆனால் இருட்டு மூலையிலும் வைக்கக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் இலையில் உள்ள மஞ்சள் கோடுகள் மங்கி வெறும் பச்சையாகிவிடும்.

இந்தச் செடியைப் பற்றிப் பல கதைகள் உலாவுகின்றன. களவெடுத்து வைத்தால்தான் வளருமாம், வளர்ந்தால் காசு சேருமாம். ரிஸ்க் தருபவன் அல்லாஹ். களவெடுத்த கொடியில் என்ன பரக்கத்? வீட்டுக் காற்றையெல்லாம் சுத்தம் செய்யும் என்று வட்ஸ்அப்பில் வருவதையும் பெரிதாக நம்ப வேண்டாம். மூடிய சிறிய பெட்டிக்குள் செய்த பரிசோதனையில் கண்டதை, காற்று வந்து போகும் வீட்டில் எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, இதன் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், வீங்கவும் கூடும். தவழும் பிள்ளைகளும் பூனையும் உள்ள வீடுகளில் உயரத்தில் வையுங்கள்.

உண்மையான கதை அதை விட அழகு. இதன் சொந்த இடம் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள மூரியா என்ற சின்னத் தீவு. இது பூப்பது மிக மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஹோர்மோனை இதனால் சரியாகத் தயாரிக்க முடியாது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பூ இல்லாவிட்டால் விதையும் இல்லை. அப்படியென்றால் நம் யன்னலில் இருக்கும் ஒவ்வொரு கொடியும் யாரோ ஒருவர் வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்தது. கணுவோடு வெட்டிய துண்டு மட்டும்தான் வேர்விடும். இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப டீச்சர், எல்லா வீட்டு மணி பிளான்ட்டும் சொந்தக்காரங்களா?" ஆம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒழுங்கை முனையில் கிடந்த குவியலிலிருந்து அன்று சில கொடிகளை எடுத்து வந்தோம். உம்மா அவற்றைக் கணுக் கணுவாக வெட்டிக் கொடுத்தார். மண் நிரப்பிய யோகட் கப்புகளில், அடியில் துளையிட்டு, வேர்விட வைத்திருக்கிறோம். இப்போது பதினாறு கப்புகள் இருக்கின்றன.

வீட்டில் முடியாத உம்மாவோ வாப்பாவோ உம்மம்மாவோ இருந்தால் வந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள். காசு வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வெள்ளியும் வீட்டில் தண்ணீர் நிற்கும் பாத்திரம் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அஸருக்குப் பிறகு வாருங்கள். உம்மா அந்த நேரம் ஹோலில்தான் இருப்பார். எப்படி வளர்ப்பது என்று அவரிடமே கேளுங்கள், சந்தோசமாகச் சொல்லித் தருவார்.