பனிமலையில் ஒரு வெந்நீர்ச் சுனை

தில்லியில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு விடுமுறை என்றதும் தெற்கு நோக்கிச் செல்லும் ரயிலே நினைவுக்கு வரும். இமயம் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தும் அதைப் படத்தில் கண்டு அமைதியடைவோரே நம்மில் மிகுதி. சென்ற ஐப்பசியில் எங்களை வடக்கே திருப்பியவர் எங்கள் வீட்டுப் பெரியவரான அம்மாதான்.

அம்மா கும்பகோணத்துக்காரர், வயது எழுபத்திரண்டு. அப்பா மறைந்தபின் எங்களுடன் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காவிரியில் முழுகி எழுந்தவருக்கு வாளித் தண்ணீர் ஒரு நீராட்டாகவே படவில்லை. "குளிர் வருவதற்குள் என்னை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பதே ஓயாத வேண்டுகோள். அங்கோ பூட்டிய வீட்டில் அவருக்குத் துணையிருக்க எவருமில்லை. இமாசலப் பிரதேசத்துப் பார்வதிப் பள்ளத்தாக்கில், கார்த்திகேயன் தவமிருந்ததாக அவ்வூரார் போற்றும் வெந்நீர்ச் சுனை ஒன்று உண்டு என்று ஒருநாள் சொன்னோம். "அப்படியானால் அதைப் பார்த்துவிட்டே போகிறேன்" என்றார் அம்மா.

பார்வதி நதி பியாஸுடன் கலக்கும் பூந்தர் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து மலைப்பாதையில் மணிகரணை அடைந்தோம். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,760 மீட்டர் உயரத்திலுள்ள இச்சிற்றூரில், பனிநீராய் ஓடும் நதியின் கரையிலேயே கொதிநீர் பொங்குகிறது. அரிசியைத் துணியில் முடிந்து சுனைக்குள் இறக்கினால் சோறாகிவிடுகிறது. அங்குள்ள குருத்வாராவின் அன்னதானத்துக்கும் இவ்வெந்நீரே அடுப்பு!

இதற்கு எரிமலை காரணம் அன்று. மழைநீரும் பனி உருகிய நீரும் பாறைப் பிளவுகளின் வழியே நெடுந்தூரம் கீழிறங்குகின்றன. பூமியின் உட்புறம் ஆழத்துக்கேற்பச் சூடு மிகுமாதலால், அங்கே வெப்பமேறிய நீர் வேறொரு பிளவு வழியே விரைந்து மேலே வந்துவிடுகிறது.

நாங்கள் நாடிய கீர்கங்கை இன்னும் மேலே, சுமார் 2,950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பர்ஷைணி வரைதான் வண்டி செல்லும். அதற்குமேல் 12 கிலோமீட்டர் அளவுக்கு நடை. அம்மாவின் முழங்கால்கள் அதற்கு இடந்தரா. இதை எவ்வாறு சொல்வது என்று நாங்கள் தயங்கி நிற்கையில் அவரே முந்திக்கொண்டார்: "முருகன் மலைமேல் இருப்பது எனக்குப் புதிதா? நீங்கள் போய் வாருங்கள். நான் அடிவாரத்தில் இருக்கிறேன்." மூத்த மகளை அவருக்குத் துணைவைத்துப் புறப்பட்டோம்.

தேவதாரு மரங்களினூடே சென்ற வழியில் ருத்ரநாக் அருவியைக் கண்டோம். அதைக் கடந்தபின் ஏற்றம் கடுமையாயிற்று. இறுதிப் பகுதியில் புதுப்பனி காலடியில் நொறுங்கியது. உச்சியில், சுற்றிலும் வெண்மலைகள் நிற்க, திறந்த வானத்தின் கீழ் ஆவி பறக்கும் குளம்! பெண்டிருக்குத் தனியே மறைவிடம் உண்டு. வெளியே வழியும் நீரில் உடலைக் கழுவிக்கொண்டே குளத்தில் இறங்கவேண்டும். கழுத்துவரை வெதுவெதுப்பும் தலைமேல் பனிக்காற்றுமாக இருந்த அந்தச் சில நிமிடங்களில், நடந்த களைப்பு போன இடம் தெரியவில்லை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஓரிரு சொற்கள். மண்சரிவு நேரும் ஆடி, ஆவணி மாதங்களைத் தவிர்த்தல் நலம். கடும்பனிக் காலத்தில் வழி அறிந்தவரின்றிப் போகலாகாது. வெந்நீரில் நெடுநேரம் இருந்தால் தலைசுற்றும். இருதய நோயுள்ளவர் மருத்துவரைக் கேட்டே இறங்கவேண்டும். கரையேறியதும் உடுத்த உலர்ந்த கம்பளியாடை கையில் இருப்பது அவசியம்.

மறுநாள் மாலை நாங்கள் திரும்பியபோது, அம்மா மணிகரணில் பெண்கள் நீராடுமிடத்தில் இருவேளையும் குளித்து, நெற்றி நிறைய நீறணிந்து அமர்ந்திருந்தார். அருகே பஞ்சாபிப் பாட்டி ஒருவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எனினும் முழங்கால் வலியைப் பற்றி இருவரும் விரிவாகப் பேசி முடித்திருந்தனர்! சுனையிலிருந்து நாங்கள் செம்பில் கொண்டுவந்த நீர் வழியிலேயே ஆறிப்போயிருந்தது. அம்மா அதைத் தலையில் தெளித்துக்கொண்டு, "காவிரியும் இப்படித்தான் சில்லென்றிருக்கும்" என்றார்.

ஊருக்குப் போகும் பேச்சு இன்னும் நிற்கவில்லை. தை பிறந்ததும் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். ஆனால் "கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவந்தவர், இப்போது "போய்விட்டு வருவோம்" என்கிறார்.