உள்ளே வைத்த சவுரி

கொண்டை போடக் கற்றுக்கொண்டது என் அண்ணியின் தலையில். தேர்வில் உட்கார வைத்தது வேறொரு பெண்ணை. அண்ணியிடம் பொய் சொன்னேன்.

காவேரிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு விடியும் முன்பே கம்பெனி வேன் வந்துவிடும். அண்ணிக்கு ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. தோல் ஓரங்களில் சொல்யூஷன் தடவி, மடித்து ஒட்ட வேண்டும். பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவர், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் "வா பாப்பா, உன் பாடத்தைப் பாத்துக்கோ" என்று ஸ்டூலில் வந்து உட்காருவார்.

அழகுக்கலைப் பயிற்சியின் செய்முறைத் தேர்வில், உள்ளே ஸ்டஃபிங் வைத்துத் தூக்கி, மேலே சுருள்களை அடுக்கிய கொண்டை போட்டுக் காட்ட வேண்டும். மலிவான டம்மித் தலையின் நைலான் முடி, சுருள் போடும் டாங்கின் சூட்டில் உருகிவிடும். திருமலைக் காணிக்கை முடி ஏலத்தில் போய் வெளிநாட்டு விக் வரை ஆகிறதே, அந்த மாதிரி நிஜ முடியில் செய்த டம்மி எங்களுக்கு எட்டாத விலை. அதனால் அண்ணியின் தலை.

சூட்டில் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழும். ஆறும்போதுதான் புது வடிவத்தில் மறுபடி பிணையும். சுருளை டாங்கிலிருந்து உருவியதும் உள்ளங்கையில் ஏந்தி, கிளிப் குத்தி, ஆறும்வரை தொடாமல் இருக்க வேண்டும். இது மண்டையில் ஏறும்வரை என் சுருள்கள் தொங்கித் தொங்கி விழுந்தன. அண்ணியின் காதுக்குப் பின்னால் சூடு பட்டுக் கொப்புளம் வந்தது. பேக்கோம்பிங் செய்த முடியை நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே போக வேண்டும். நான் அவசரத்தில் வேரிலிருந்து இழுத்தேன், கொத்தாக வந்தது.

அந்த முடியை எல்லாம் அண்ணி ஒரு மஞ்சப்பையில் சேர்த்து வைத்தார். சவுரி முடி வாங்க வருகிறவர்களிடம் போட்டால் காசு கிடைக்கும், போடவில்லை. கடையில் வாங்கிய ஸ்பான்ஜில் ஊசி நிற்காமல் வழுக்குவதைப் பார்த்துவிட்டு, தன் முடியை வலைக்குள் அடைத்து உருட்டி எனக்கு ஸ்டஃபிங் செய்து கொடுத்தார். ஊசி கச்சிதமாகப் பிடித்தது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று கூந்தல் முடிப்பின் ஐந்து வகைகளான ஐம்பாலை வகுப்பு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கொண்டை எதனால் நிற்கிறது என்பதை அண்ணியிடம்தான் படித்தேன்.

அவரை ஏன் கூட்டிப் போகவில்லை? எத்தனை முறை அலசினாலும், டாங் பட்டதும் அவர் முடியிலிருந்து சொல்யூஷனும் தோலும் கலந்த வாடை எழும். வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் எத்தனையோ வீடுகளில் அந்த வாடையில்தான் அடுப்பு எரிகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் பயிற்சிக் கட்டணமும் அந்தச் சம்பளத்தில் கட்டியது. வகுப்பில் யாராவது மூக்கைப் பொத்தினார்கள் என்று சொல்ல முடிந்தால் எனக்கு வசதியாக இருக்கும். ஒருவரும் எதுவும் சொன்னதில்லை. நானாகவே வெட்கப்பட்டேன்.

தேர்வுக்கு முந்தின ராத்திரி, "மாடல் அங்கேயே தராங்களாம் அண்ணி" என்றேன். அவர் ஏற்கெனவே லீவு சொல்லியிருந்தார். எண்ணெய் வைக்காமல் தலை அலசி, ஈரம் போக விரித்துப் போட்டிருந்தார். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா? சரி, இதையாவது எடுத்துட்டுப் போ" என்று அந்தச் சவுரி உருண்டையை என் பையில் வைத்தார்.

தோழியின் உறவுக்காரப் பெண்ணின் தலைக்குள் அதைத்தான் வைத்தேன். தேர்வாளர் கொண்டையை அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. "ஸ்டஃபிங் எங்கம்மா வாங்குன?" என்று கேட்டார். "வேலூர்ல, கடையில" என்றேன். பாஸாகிவிட்டேன்.

அந்த ஒரு நாள் லீவில் அண்ணிக்குச் சம்பளம் பிடித்தார்கள். லீவே போடாதவர்களுக்குக் கொடுக்கும் அட்டென்டன்ஸ் போனஸும் அந்த மாதம் போயிற்று. இப்போது முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறேன். கையில் காசு புரள்கிறது. ஆனாலும் அன்று அவர் இழந்த பணத்தை அவரிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பார். இந்த மாதம் கொடுக்கப் போகிறேன். கேட்கட்டும், சொல்கிறேன்.