துத்தநாக விரல்

ஓசூர் சிப்காட்டில் துத்தநாக வார்ப்புப் பட்டறையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவர் எங்கள் அக்காவின் கணவர். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபின், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்கு நாங்கள் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் அக்கா மகள், புற்றுநோய் பரவுவதில் 'ஜிங்க் ஃபிங்கர்' புரதங்களுக்கும் பங்குண்டு என்று ஒருநாள் மாலை எங்களிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அமர்ந்திருந்த மாமாவின் காதில் விழுந்தது 'ஜிங்க்' என்ற சொல் மட்டுமே. அன்றிரவு அவர் களியைத் தொடவில்லை. "என் சட்டையை இத்தனை வருஷமா அவதானே துவைச்சா" என்றார்.

உவமையில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று வகுப்பில் பிரித்துக்காட்டுகிறவர்கள் நாங்கள். இந்த ஓர் உருவகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக்கும் அவருடைய சகாக்களும் 1985இல், ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்களிலிருந்து பெற்ற புரதமொன்றில் கண்டுசொன்ன வடிவம் இது. ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்களாலான சிற்றிழையை ஒரு துத்தநாக அயனி மடக்கிப் பிடித்திருக்கிறது. அந்த மடிப்பே விரல். டி.என்.ஏ.வின் பள்ளத்தில் அது பொருந்த, எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூட வேண்டும் என்பது முடிவாகிறது. மனித உடலில் இத்தகைய புரதங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு.

அவற்றுள் 'ஸ்நெயில்' என்பது ஒன்று. செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் ஈ-கேடரின் என்னும் புரதத்தின் மரபணுவை அது அடக்கிவிடும்போது, பிணைப்பறுந்த புற்றுச்செல் இடம்பெயரத் துணிகிறது. குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டியிலோ கதை வேறு. 1990இல் இனங்காணப்பட்ட டபிள்யூ.டி.1 மரபணு தரும் விரல்புரதம் பழுதுபடும்போது காவல் தளர்ந்து, அந்தக் கட்டி வளர வழி பிறக்கிறது. விரல் ஒன்றுதான், ஓரிடத்தில் அது மிகுவது கேடு, மற்றோரிடத்தில் இல்லாமற்போவது கேடு.

அக்காவின் பரிசோதனை அறிக்கையில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்றிருந்தது. அந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் துத்தநாகம் தாங்கிய விரல்களால் டி.என்.ஏ.வைப் பற்றுவதே. அதைத் தடுக்கத்தான் அக்கா நாள்தோறும் டமாக்சிஃபென் மாத்திரை விழுங்குகிறாள்.

மாமாவிடம் இவ்வளவையும் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செல்லுக்குள் இருக்கும் துத்தநாகம் நாம் உண்ணும் கேழ்வரகிலும் பருப்பிலும் இருந்து வருவது, அது இல்லாமல் யாரும் உயிர்வாழ முடியாது, சட்டையில் ஒட்டிய தூசியால் இந்நோய் வந்ததென்று சொல்லச் சான்றில்லை என்றார் அவர். மாமா தலையை மட்டும் அசைத்தார்.

அவர் முழுவதும் நம்பினாரா என்று நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் காலை மாத்திரையும் தண்ணீருமாக அக்காவின் கட்டிலருகே நின்றிருந்தார். வார்ப்பின் சூடுபட்டுத் தழும்பேறிய விரல்கள் அவருடையவை. இனி வகுப்பில் உருவகம் என்று சொல்லும்போதெல்லாம், அதைக் காதில் வாங்கப்போகிறவர் யார் என்றும் யோசிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.