சிவப்பு எழுத்தைக் கீழிருந்து வாசியுங்கள், பிள்ளைகளே



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து உயர்தர ஐ.சி.டி. படிக்க வரும் பிள்ளைகளுக்காக இது. பைத்தனில் வழு வந்தால் திரையில் சிவப்பாகப் பத்து வரி ஆங்கிலம் விழும். "எனக்கு இங்கிலீஷ் வராது சேர்" என்று மூடிவிடுகிறார்கள். சிலர் பாடத்தையே விட்டுவிடுகிறார்கள்.

அதன் பெயர் ட்ரேஸ்பேக். துரை கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் கங்காணியிடம் சொல்லி, வேலை மலையில் நின்றுவிட்டது என்று வையுங்கள். யார் யாரிடம் சொன்னார் என்ற வரிசைதான் அது. நின்ற இடம் கடைசியில். ஆகவே கீழிருந்து வாசியுங்கள். கடைசி வரியில் வழுவின் வகை இருக்கும். 'நேம்எரர்' என்றால் அந்தப் பெயர் பைத்தனுக்குத் தெரியாது. 'ஸீரோடிவிஷன்எரர்' என்றால் பூச்சியத்தால் வகுத்திருக்கிறீர்கள். சற்று மேலே வரி இலக்கம். 2022இல் வந்த பைத்தன் 3.11 முதல், பிழைத்த இடத்துக்குக் கீழே கூரைக்குறியும் போட்டுக் காட்டுகிறது.

திரையைக் கலங்கலாகப் படம்பிடித்து அனுப்ப வேண்டாம். 'ட்ரேஸ்பேக்' மொடியூலை இம்போர்ட் செய்து, எக்செப்ட் பகுதிக்குள் 'ஃபோர்மட்_எக்ஸ்க்' பங்ஷனை அழையுங்கள். முழு வழுவும் ஒரு ஸ்ட்ரிங்காகக் கையில் கிடைக்கும். ஃபைலில் எழுதி வைக்கலாம். சிக்னல் குறைந்த லயத்திலிருந்தும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

அதுவும் முடியாவிட்டால், மூடுவதற்கு முன் கடைசி வரியை மட்டும் கொப்பியில் எழுதி வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அங்கிருந்து தொடங்குவோம்.