பெயிண்டுக்கு அடியில் ஒரு எண்

பினாங்கில் சூலியா தெருவைக் கடல் பக்கமாக நடந்து முடித்தால் வெல்ட் கீ வந்துவிடும். வெல்டர்களைப் பார்க்கப் போகிறவன் வெல்ட் கீயில் பெர்ரி ஏறுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கும் இரும்புக்கும் ஒட்டில்லை. 1880 முதல் 1887 வரை இங்கே ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்டின் பெயர் அது. தெருவின் பெயர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுடையது. கிங் தெரு முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் அவர்கள் எழுப்பிய தர்காவைத் தாண்டித்தான் போனேன்.

அக்கரையில் பட்டர்வொர்த். அங்கிருந்து பிறை தொழிற்பேட்டை. கட்டடங்களுக்கும் கிடங்குகளுக்கும் உத்தரம், தூண் செய்கிற பட்டறை ஒன்றில் ஒரு நாள் இருக்க அனுமதி கிடைத்திருந்தது. போர்மேன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழர், அறுபதை நெருங்குபவர். "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார்.

உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் வேலை, வெறுங்கண்ணால் ஆர்க்கைப் பார்த்தது. ஒரு நொடிதான். அன்றிரவு கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தியது. உருளைக்கிழங்கை அரிந்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். குணமாக்கியது கிழங்கா தூக்கமா என்று தெரியாது.

"பாக்காதீங்க, கேளுங்க" என்றார் போர்மேன். நல்ல வெல்டிங்கின் சத்தம், காய்ந்த எண்ணெயில் வடை பொரிவதுபோல ஒரே சீராக இருக்கும். வெடித்து வெடித்துக் கேட்டால் கரண்டிலோ வோல்ட்டிலோ கோளாறு. பட்டறைக்குள் பெரும்பாலும் சி.ஓ.டூ வெல்டிங்தான், வயர் தானாக வந்துகொண்டிருக்கும். கைராடு சைட் வேலைக்கும், கன் நுழையாத மூலைகளுக்கும்.

அந்த ராடுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். 7018 என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு எண்கள் பலம்: சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும். அடுத்த 1, படுத்தும் நின்றும் தலைக்கு மேலும் எந்த நிலையிலும் அடிக்கலாம் என்பதற்கு. 8 என்பது மேல்பூச்சின் வகை, ஹைட்ரஜன் குறைந்தது. சூடு எதற்கு என்றால், பினாங்குக் காற்றே பாதி தண்ணீர். ஈரம் குடித்த ராடால் அடித்தால் ஹைட்ரஜன் இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடித்தபோது அழகாக இருந்த மூட்டு மறுநாளோ அதற்கும் மறுநாளோ உள்ளுக்குள் விரிசல் விடும். சில வகை இரும்புக்கு இரண்டு நாள் கழித்தே சோதனை வைப்பது இதனால்தான். மனிதர்களிலும் இப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

வெல்டரிடம் வருமுன் வேலை பிட்டரிடம் இருக்கிறது. இரண்டு பிளேட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எங்கே டேக் அடிப்பது எல்லாம் அவர் கணக்கு. அவர் சொதப்பினால் வெல்டர் தலையில்தான் விடியும். அடித்த இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் நேரான உத்தரம் வில்லாக வளையும். அதனால் இந்தப் பக்கம் கொஞ்சம், திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் கொஞ்சம்.

வெல்டர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், திருச்சியில் தொழில் கற்றவர். பெல் (BHEL) தொழிற்சாலை வந்ததிலிருந்து திருச்சி வட்டாரத்துக்கே வெல்டிங் கைப்பழக்கம். தலைக்கு மேல் அடிக்கும் 4ஜி டெஸ்டில் தேறி இங்கே வந்தார். ஏஜெண்டுக்காக வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார். கவசத்துக்குள் மூக்கில் ஈரக் கைக்குட்டை. வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் உறுதியாக வகைப்படுத்தியது. கைக்குட்டை அந்தப் புகைக்கு வேலியே அல்ல. சொன்னேன். "தெரியும்ணே. மாஸ்க் கேட்டிருக்கோம்" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மூட்டு முடிந்ததும் தம்பி ஸ்லாக்கைத் தட்டி, பிரஷ் போட்டு, பக்கத்தில் பெயிண்ட் பேனாவால் 27 என்று எழுதினார். அவர் எண். யூ.டி. எனும் அல்ட்ராசோனிக் சோதனையில் குறை தெரிந்தால் 27ஐக் கூப்பிடுவார்கள், அடித்ததைக் கவுஜிங் செய்து தோண்டி எடுத்து மறுபடி அடிக்கச் சொல்வார்கள். தேறினால் யாரும் கூப்பிடுவதில்லை. பிறகு பெயிண்ட் ஏறும், எண் மறையும்.

"புர்ஜ் கலீபா இரும்பு வேலையில நம்மாளு கம்பெனி இருக்கு, தெரியுமா?" என்றார் போர்மேன். ஏ.கே. நாதனின் எவர்செண்டாய் நிறுவனத்தைச் சொன்னார். தம்பி சிரித்தார். "அங்கயும் அடிச்சவனுக்கு நம்பர்தானேண்ணே."

ஞாயிற்றுக்கிழமை தம்பி சூலியா தெருவுக்கு வந்தார், ஊருக்குப் பணம் அனுப்ப. பிறகு லவ் லேன் பக்கம் நடந்தோம். 2008இல் இந்த நகரத்துக்கு உலக மரபுத் தகுதி கிடைத்த பிறகு அதன் கதைகளைச் சொல்ல மாநில அரசு வைத்த 52 கம்பிக் கேலிச்சித்திரங்களில் ஒன்று அங்கே சுவரில் இருக்கிறது. பயணிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் விலகியதும் தம்பி கிட்டே போய், இரண்டு கம்பி சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கிரைண்டிங் சுத்தம்" என்றார். குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். "நம்பர் போடலண்ணே."