அறுகோணக் கோட்டையும் அஞ்சைக்களமும்

கொச்சியின் பிராட்வேயில் கடைகள் திறக்கும் முன்பே கிளம்பிவிட்டேன். அந்தக் குறுகலான கடைத்தெருவுக்கு அடுத்து ஓடும் பெரிய சாலைக்குச் சண்முகம் சாலை என்று பெயர். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் அவர்தான். கொச்சியில் நமக்குத் தெரிந்த பெயர்கள் இப்படித் திடீரென்று எதிரே வந்து நிற்கும்.

கிடைத்தது இரண்டு நாள் விடுப்பு. துணைக்கு யாரும் இல்லை. மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களையும் அதன் வளாகத்திலுள்ள பழயன்னூர் பகவதி கோயிலையும் முதல் நாளே பார்த்தாயிற்று. இரண்டாம் நாளை வைப்பின் தீவுக்கென்று வைத்திருந்தேன். உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் சிறிது நேரத்தில் வைப்பின் கரை. அங்கிருந்து முனம்பம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது.

வைப்பின் சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒல்லியான தீவு. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தை மண்ணால் மூடி, தெற்கே கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்றும், அந்த வண்டல் ஒதுங்கியே இந்தத் தீவு உண்டானது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்று ஒரு காலக்கணக்கே இருந்திருக்கிறது. வைப்பு என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி வேண்டாம். ஆறும் கடலும் சேர்ந்து வைத்த மண் இது.

வழியெங்கும் பொக்காளி வயல்கள். ஆடி மழையில் உப்புநீரைத் தாங்கி நிற்கும் உயரமான நெல். அறுவடையில் கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவார்கள். அது மக்கி, பிறகு அதே வயலில் வளரும் இறாலுக்குத் தீனியாகும். உரமும் மருந்தும் இல்லாத இந்த வேளாண்மை ஆள் கிடைக்காமலும் கட்டுபடியாகாமலும் சுருங்கி வருகிறது. இது அழிந்தால் தீவின் பாதி அழகு போய்விடும்.

செறாயில் இறங்கி கௌரீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பெயர் சிவனுடையதாக இருந்தாலும் மூலவர் சுப்பிரமணியர். ‘மலையாளப் பழனி’ என்று அழைக்கிறார்கள். 1912-இல் ஸ்ரீ நாராயண குரு பிரதிஷ்டை செய்தது. பழமையான கோயில் இல்லைதான். ஆனால் கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த மக்கள் தங்களுக்கென்று எழுப்பிய கோயில் என்பதால் எனக்கு அது எந்தப் பழங்கோயிலுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. இதே செறாயில்தான் 1917-இல் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் வெவ்வேறு சாதியாரை ஒரே பந்தியில் உட்காரவைத்தார்.

தீவின் வடக்கு முனையை நெருங்கும்போது பள்ளிப்புறம். இங்கேதான் நான் தேடி வந்த இடிபாடு இருக்கிறது. ஆயக்கோட்டை என்றும் சொல்வார்கள். 1503-இல் போர்த்துகீசியர் கட்டியது. இந்தியாவில் இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கோட்டைகளில் மிகப் பழையது என்று கருதப்படுவது. கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ நினைத்துக்கொண்டு போனால் திகைத்துப்போவோம். இது ஒரே ஒரு அறுகோணக் கட்டடம். ஒவ்வொரு முகமும் சுமார் 32 அடி அகலம், 34 அடி உயரம். ஆறடி கனமுள்ள சுவர். செம்புரைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். காரை உதிர்ந்த இடங்களில் கல் மழையில் நனைந்து ரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. முகத்துக்கு மூன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பீரங்கித் துளைகள், மொத்தம் 18. உள்ளே தளங்களைத் தாங்கிய மரமெல்லாம் போய்விட்டது. அண்ணாந்தால் அறுகோணமாக வெட்டிய வானம். உப்புத் தண்ணீர் சூழ்ந்த இந்த மண்ணில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் உள்ளே இருக்கிறது. வந்தவர்கள் முதலில் அதைத்தான் தேடியிருப்பார்கள்.

இத்தனை சிறிய கட்டடத்துக்காக எத்தனை சண்டை! 1661-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1789-இல் ஆற்றுக்கு அப்பாலுள்ள கோட்டப்புறம் கோட்டையோடு சேர்த்துத் திருவிதாங்கூருக்கு விற்றார்கள். கொச்சி தனக்குக் கப்பம் கட்டும் அரசு, அதன் மண்ணை எப்படி விற்கலாம் என்று திப்பு சுல்தான் கேட்டார். அந்தத் தகராறும் சேர்ந்தே மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. பெரியாற்றின் வாயைக் காத்தவன் கையில் மிளகு இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

அரை மணி நேரத்துக்கும் மேல் அங்கே நின்றிருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

பிறகு வடக்குப் பறவூர் வழியாகக் கொடுங்கல்லூர். நடுவே பட்டணம் என்ற சிற்றூர். 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகளும், செங்கல் படகுத்துறையும், ஒரே மரத்தில் குடைந்த ஓடமும் வெளிப்பட்டன. முசிறி இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பொன்னோடு வந்து மிளகோடு மீளும் யவனர் மரக்கலங்களை அகநானூற்றின் 149-ஆம் பாடல் பேசும் துறை.

மாலையில் திருவஞ்சைக்களம். மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரைகள், ஈரக் கல்தளம், எண்ணெய் விளக்குகள். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலம் இது ஒன்றே. பாடியவர் சுந்தரர். அவர் வெள்ளை யானையிலும் தோழர் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் புறப்பட்ட இடம் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. அவர் பதிகத்தில் இந்தக் கோயில் கடற்கரை மகோதையில் இருக்கிறது. இன்று வாசலில் நின்றால் கடல் தெரியாது. காலையில் நான் கடந்து வந்த தீவைப் போலவே இங்கும் கடலும் ஆறும் இடம் மாறியிருக்கின்றன. கோயில் மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறது.

கொச்சிக்குப் போகும் நம்மவர்கள் சீனவலையையும் யூதத் தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆடி சுவாதி, சுந்தரரின் குருபூசை நாள், பொருத்தமாக இருக்கும். அஞ்சைக்களத்துக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் இரிஞ்ஞாலக்குடா.