உபவாசமும் உணவு ஒழுங்கும்

உபவாசம் ஜெபத்திற்குரியது. நேரம் வரையறுத்து உண்பது சரீரத்திற்குரியது. இரண்டையும் ஒன்றாக எண்ணாதிருங்கள்.

ஐந்து ஆண்டுகளாக நான் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை மாத்திரமே உண்கிறேன். இதில் அற்புதம் ஒன்றுமில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-இல் வெளியானது. இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தார்கள். நேரத்தையும் வரையறுத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு அதிகமாய் மெலியவில்லை. கடிகாரம் ஒரு வேலி மாத்திரமே; பலன் தருவது உண்ணும் அளவே.

ஒழுங்கு நீடிக்க, அது சற்று வளைந்துகொடுக்கவும் வேண்டும். மும்பையில் வீட்டுக்கூட்டம் முடிந்து இரவு 9 மணிக்கு அன்போடு நீட்டும் தட்டை நான் மறுப்பதில்லை. மறுநாள் முதல் உணவைப் பிற்பகலுக்குத் தள்ளிவைக்கிறேன்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்களே, மருத்துவரைக் கேளாமல் தொடங்காதிருங்கள்; சர்க்கரை மிகவும் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. தேவன் தந்த சரீரத்தைப் பொறுமையோடு பேணுங்கள்.